சஹனின் நான்காம் பக்கம்

திங்கட்கிழமை பகல் ஒன்றேகால் மணிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள்:

வடக்கே, தூணில் முதுகு சாய்த்து, காக்கா சுஐபு. தெற்கே, அடுக்களை வாசலை ஒட்டி, மதினி காலிதா. கிழக்கே, தெருவாசலுக்கு முதுகு காட்டி, நான். மேற்கே, கடிகாரச் சுவர்ப் பக்கம்,

அந்தக் காற்புள்ளிக்குப் பிறகு சஃபீரின் பேனா நகரவில்லை.

வெளியூர் போனால் மனைவி லாமியாவுக்கு அவன் எழுதுகிற கடிதம் எப்போதும் இப்படித்தான் தொடங்கும். யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் போட்டுவிட்டுத்தான் செய்திக்குப் போவான். போனில் தினமும் பேசினாலும் கடிதம் தனி. லாமியா அதை ஆறு வயது மகள் சுஹாவுக்குக் கதை மாதிரி வாசித்துக் காட்டுவாள். முதலில் நோட்டில் எழுதி, அடித்துத் திருத்தி, கடைசியில் நீல இன்லேண்டில் நல்ல கையெழுத்தில் படியெடுப்பான். வாலிநோக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழய்யா பிரம்பை மேசையில் வைத்துக்கொண்டு பழக்கிவிட்ட பழக்கம் அது.

இந்தத் தடவை எழுத வேண்டிய செய்தி சின்னதுதான். மதுரையில் பதினோரு வருஷம் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலை பார்த்தாயிற்று. இனி ஏர்வாடியில் சொந்தமாக ஒரு கடை போடுவதாகவும், வாப்பா விட்டுப்போன வாலிநோக்கத்து வீட்டில் அண்ணன் சுஐபு காக்காவோடு சேர்ந்து இருப்பதாகவும் பேச்சு. வீட்டை ஒழுங்குபடுத்த அவன் முன்னால் வந்திருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை லாமியாவும் சுஹாவும் சாமான் வண்டியோடு வந்துவிடுவார்கள்.

மேற்கே யார் என்று எழுதுவது?

நடந்ததை அவன் மறுபடி நினைத்துப் பார்த்தான். உப்பளத்துக்கு நடுவே போகிற சாலையில் அரை மணி நேரம் நடந்து வந்திருந்தான். இரண்டு பக்கமும் வெள்ளைப் பாத்திகள், கரையில் குவித்த உப்பு, அதன்மேல் விழுந்து எழும்புகிற உச்சி வெயில், இமையை மூடினாலும் இமைக்குள் வெள்ளையாகவே நிற்கிற வெளிச்சம். அந்தக் கண்ணோடு வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் இருட்டு. கூடத்தின் நடுவில் பெரிய தட்டு ஒன்றும் அதைச் சுற்றி மூன்று உருவங்களும் தெரிந்தன. மூன்று பேருக்கும் சேர்த்து ஸலாம் சொன்னான். இரண்டு குரல் பதில் சொன்னது. கண் பழகியதும் பார்த்தால், இருந்ததும் இரண்டு பேர்தான்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. வெயிலிலிருந்து வருகிற கண் இல்லாததைக் காட்டும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கு அவனே சொல்லியிருக்கிறான்.

ஆனால் சஹன்? விருந்துக்கும், இறந்தவர்களுக்காக ஓதுகிற ஃபாத்திஹாவுக்கும் மட்டும் பரணிலிருந்து இறக்குகிற தட்டு அது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவு. சாதாரணத் திங்கட்கிழமையில் புருஷனும் பெண்டாட்டியும் ஏன் அதை வைத்துச் சாப்பிட வேண்டும்? மூன்று பேர் வட்டத்தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் வட்டத்தை மூன்றாகத்தானே பிரித்துக்கொள்வார்கள். இவர்கள் நான்காகப் பிரித்திருந்தார்கள். யாரும் சொல்லாமல் அவனும் கிழக்கே போய் உட்கார்ந்தான், எதிர்ப்பக்கத்தை விட்டுவிட்டு. சாப்பிட்டு முடிக்கும்போது அந்தப் பக்கத்துச் சோறும் குழிந்திருந்தது. ஓரத்தில் ஒரு மீன் முள் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அப்புறம் அந்த வாடை. நுழைந்ததும் முகத்தில் அறைந்தது. உப்புப் பாத்தியின் அடிச்சேற்றைக் கிளறினால் எழுமே, அந்த அழுகிய முட்டை வாடை. அதோடு நாள்கணக்கில் நனைந்து கிடந்த சாக்கின் வாடை. அதற்கும் அடியில் மனுஷத் தலையின் எண்ணெய்ச் சிக்கு. என்ன வாடை என்று கேட்டதற்கு காலிதா சிரித்தாள்.

"மதுரைத் தண்ணி குடிச்சு ஒங்க மூக்கு ரொம்பத்தான் நீண்டு போச்சு கொழுந்தனாரே. இங்கன என்ன வாடை?"

சுஐபு நிமிரவில்லை. "ஏலே, சோத்தப் பாத்துச் சாப்புடு."

சாப்பிட்டு முடிப்பதற்குள் வாடை போய்விட்டது. போனதா, அவன் மூக்கு அதை விட்டுவிட்டதா?

கடைக்கு வாரம் இரண்டு நாள் வருகிற கண் டாக்டர் மகேஸ்வரி ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணும் காதும் மூக்கும் கொண்டுவந்து கொட்டுகிற எல்லாவற்றையும் மூளை பார்ப்பதில்லை சஃபீர், அதற்கு நேரமில்லை என்றார். எது மாறுகிறதோ அதை மட்டும் பார்க்கும். மாறாமல் இருப்பதைக் கழித்துவிடும். போட்டிருக்கிற சட்டை உடம்பில் உரசுவது தெரிகிறதா? வீட்டு வாசனை வீட்டுக்காரருக்குத் தெரிகிறதா? கழித்த இடத்தைக் காலியாகவும் விடாது, அக்கம்பக்கத்தைப் பார்த்து யூகித்து நிரப்பிவிடும். நிரப்பியது என்று நமக்குச் சொல்லவும் சொல்லாது.

சஃபீர் நோட்டில் அந்தக் காற்புள்ளிக்குப் பிறகு எழுதினான்: மேற்கே, கடிகாரச் சுவர்ப் பக்கம், யாரோ.

அன்று மாலை காக்காவோடு அளத்துக்குப் போனான். பாத்தியில் உப்பு பூப்பதைக் குனிந்து பார்த்தபோது சட்டைப்பையிலிருந்து போன் நழுவி ஊறல் தண்ணீரில் விழுந்தது. எடுத்துத் துடைத்து அரிசியில் புதைத்து வைத்தும் அது கண் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வேண்டுமென்றே கடற்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் காற்றை இழுத்துவிட்டு வீடு திரும்பினான். வாடை இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து நின்றான். பதினோரு நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் கூடம் சாதாரணக் கூடமாகிவிட்டது. நோட்டில் குறித்துக்கொண்டான்.

அன்று மதியமும் சஹன்தான். சாப்பாட்டுக்கு நடுவில் கரண்ட் போனது. மின்விசிறி சுழற்சி குறைந்து குறைந்து நின்றது. அடுக்களையில் ஃபிரிட்ஜின் உறுமல் ஒரு குலுக்கலோடு அடங்கியது. தூரத்தில் தண்ணீர் மோட்டார் ஒன்று ஓய்ந்தது. அதற்கெல்லாம் பிறகு, அவ்வளவு நேரமும் எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு சத்தமும், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது போல, எதிர்ப்பக்கத்தில் நின்றது.

நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்தது என்றே தெரிந்தது. சஃபீர் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தான். கரண்ட் வந்தது. விசிறி சுழன்றது. அந்த இன்னொன்றும் மெதுவாக விடப்பட்டது.

கை கழுவ எழுந்தபோது காலிதாவிடம் கேட்டுவிட்டான். வீட்டில் எத்தனை பேர் மதினி? இதென்ன கேள்வி என்றாள் அவள். ஈரக்கையை விரித்து, விரல் விரலாக மடக்கினாள்.

"ஒங்க காக்கா. நான். இப்ப நீங்க." நான்காவது விரலையும் மடக்கினாள். பெயர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததும் அவளுக்குத் தெரியவில்லை. மடங்கிய நாலு விரலையும் பார்த்து, "நாலு பேரு. ஞாயித்துக்கிழமைக்கு ஆறாயிரும், இன்னொரு சஹன் வாங்கணும்," என்றாள். பிறகு தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நான்கு தம்ளர்.

அன்று சாயங்காலம் வாசலில் நின்றிருந்த சுஐபுவிடம் சுற்றி வளைக்காமல் விசாரித்தான். எப்போதிலிருந்து சஹனில் சாப்பிடுகிறீர்கள்? சுஐபு யோசித்துப் பார்த்துச் சொன்னான். மூன்று மாதத்துக்கு முன்னால், வாப்பாவின் வருஷ ஃபாத்திஹா அன்றைக்கு இறக்கியது. அன்று லெப்பை ஓதிவிட்டுப் போனபின், அயலார் எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், வீட்டார் கடைசி சஹனில் உட்கார்ந்தார்கள். சுஐபு, காலிதா, காலிதாவின் உம்மா. ஒரு ஆள் குறைந்தது. சஹனை ஆள் குறைய வைத்துத் தொடங்குவது அந்த வீட்டில் என்றைக்கும் வழக்கமில்லை. வாப்பா இருந்த காலத்தில் தெருவில் போகிற சைக்கிள்காரரைக்கூடக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பார். அதனால் சுஐபு வாசலுக்குப் போய்க் கூப்பிட்டான்.

"அளத்துப் பக்கமிருந்து யாரோ வந்த மாதிரி இருந்துச்சு. வெயிலு. கண்ணு கூசுது. யாராருந்தா என்ன, வாங்க, சஹன்ல ஒரு எடம் இருக்கு, வந்து குந்துங்கன்னேன். வந்தாரு."

"யாரு காக்கா?"

"சரியாப் பாக்கலடா. உள்ள வந்து சொவர்ப் பக்கமா உக்காந்தாரு. நல்லாச் சாப்பிட்டாரு."

"எப்பப் போனாரு?"

சுஐபு வாயைத் திறந்தான். பதில் நாக்கில் தயாராக இருப்பது போலத்தான் இருந்தது. பிறகு அவன் முகத்தில் எதையோ தேடுகிற பாவம் வந்தது, படி இருக்கிறதென்று கால் வைத்த இடத்தில் படி இல்லாதது போல. வெயில் தாழ்ந்த அளத்தைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான்.

"போனாரா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். அடுத்த நொடி அந்தப் பாவம் கலைந்தது. நாளைக்கு லாரி வருகிறது, மூட்டை நிறுக்க நேரமே போக வேண்டும் என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

சஃபீர் காக்காவின் போனை வாங்கி லாமியாவைக் கூப்பிட்டான். வராதே என்று சொல்லத்தான். ரிங் போகும்போது அந்தச் சொல் வாயில் இருந்தது. எடுத்தவள், வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். எல்லாரும் நல்லா இருக்கோம் என்று அவன் வாய் சொன்னது. சுஹா போனைப் பிடுங்கி, யாரெல்லாம் அங்கே என்று கேட்டாள், கடிதத்தில் கேட்பது போலவே. பெரியவாப்பா, பெரியம்மா, நான் என்று சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு அடுத்தது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பெயரில்லாத ஒன்று. வெகுநாள் பழகியது போல, இயல்பாக. போனை அணைத்துவிட்டான்.

பேச்சை நம்ப முடியாது. பேசும்போது மூளை முந்திக்கொள்கிறது. ஆனால் திங்கட்கிழமை எழுதியது திங்கட்கிழமை எழுதியபடியே நோட்டில் இருந்தது. மை நிரப்பாது, கழிக்காது. ஆகவே கடிதம்தான். நோட்டைத் திறந்து, பேனாவை அழுத்தி, தாளின் மறுபக்கம் தடிக்கிற அளவுக்கு எழுதினான்: லாமியா, வராதே. சுஹாவை இந்த வீட்டுக்குக் கூட்டி வராதே. நான் பிறகு மாற்றிச் சொன்னாலும் கேட்காதே.

புதன்கிழமை வாடை நான்கு நிமிடம்தான் நின்றது.

பத்து மணிக்கு வீட்டில் ஆள் இல்லை. சுஐபு அளத்தில். காலிதா அடுத்த தெருவில் உம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சஃபீர் கூடத்தில் தன் கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதிரே தரையைப் பார்த்தான். பழைய பூக்கல் பதித்த தரை. சிவப்புப் பூ, பச்சை இலை, ஒவ்வொரு கல்லிலும் ஒன்று. மேற்குச் சுவரிலிருந்து இரண்டாவது கல்லில் ஒரு மூலை உடைந்திருக்க வேண்டும். ஒன்பது வயதில் எடைக்கல்லைத் தூக்கிப் பார்க்கப் போய் அவன்தான் போட்டு உடைத்தான். வாப்பாவிடம் அவன் வாங்கிய ஒரே அடி அதற்குத்தான்.

கல் உடையவில்லை. பூ முழுசாக இருந்தது. அக்கம்பக்கத்துப் பூக்களைப் போலவே.

அவனுடைய பையில் ஒரு அட்டை உண்டு. இடப்பக்கம் கூட்டல் குறி, வலப்பக்கம் கரும்புள்ளி. கடைக்கு வருகிற பிள்ளைகளிடம், இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியையே பார் என்பான். அட்டையை மெல்ல முகத்துக்கு அருகே கொண்டு வந்தால் ஓரிடத்தில் புள்ளி மறையும். மறைந்த இடத்தில் ஓட்டை தெரியாது. வெள்ளை அட்டைதான் தெரியும், அச்சு அசலாக. பிள்ளைகள் சிரிப்பார்கள். சுஹா மட்டும் ஒருமுறை சிரிக்காமல், "புள்ளி நம்மளப் பாத்துக்கிட்டுத்தான இருக்கும் வாப்பா?" என்று கேட்டாள்.

அந்த முழுப்பூவை இப்போது பார்க்கும்போது அவனுக்கு அந்த வெள்ளை அட்டை ஞாபகம் வந்தது.

கதவு நிலை மேல் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்தான். தன் முழங்காலுக்கு முன்னால் தரையில் வைத்து, கண்ணை எடுக்காமல், மேற்குச் சுவரைப் பார்த்து நேராக ஒரு கோடு இழுத்துக்கொண்டே தவழ்ந்தான். ஒரு கல், இரண்டு கல். கோடு நேராகப் போனது. மூன்றாவது கல். நேராகவே தெரிந்தது. சமதரையில், வெள்ளையாக, நேராக.

ஆனால் கை மேலே ஏறியது.

கண்ணுக்குத் தரை. கைக்கு ஏற்றம். ஒரு சாண் உயரம் வழுக்கிக்கொண்டு ஏறி, மேடான எதன்மேலோ போய், மறுபடி இறங்கியது. ஒரு பாதத்தின் மேல் போய் இறங்குவது போல.

சாக்குக்கட்டியை வைத்தான். ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்தத் தரையில்தான் சுஹா உட்காரப் போகிறாள். சந்தேகத்தை எழுதி அனுப்ப முடியாது. தொட்டுப் பார்த்ததைத்தான் எழுத முடியும்.

கண்ணை மூடினான்.

இமைக்குள் சிவப்பு. வெளியே விசிறி. அதற்கு அடியில் அந்த மூச்சு, இப்போது மிக அருகில்.

கையை நீட்டினான்.

ஈரம். தோல். உப்புப் பொரிந்த தோல், கருவாட்டின் முதுகு போலச் சொரசொரப்பாக. அதற்குள் எலும்பு. முழங்கால் முட்டி. சம்மணமிட்டு உட்கார்ந்த கால். மூன்று மாதமாக அசையாமல் உட்கார்ந்திருந்த கால்.

கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

அவன் புறங்கைமேல் ஒன்று வந்து படிந்தது. மெதுவாக. ஒவ்வொன்றாக. விரல்கள்.

நான்கு. ஐந்து. ஆறு.

கண்ணைத் திறந்தான். தரை. பூக்கல். முழுப்பூவின்மேல் அவன் கை மட்டும். புறங்கையில் ஆறு குழிகள் அழுந்தியிருந்தன, ஈரமாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை அவனுடைய தோல் ஆகின.

நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினான். செருப்புப் போடவில்லை. கடிதம் போய்ச் சேருவதற்குள் தானே போய்ச் சேர்ந்துவிடலாம். பஸ் ஏறினால் சாயங்காலம் மதுரை.

விலக்கு ரோட்டு நிழற்குடையில் ஒரே ஒரு பெரியவர் இருந்தார். கயிற்றில் இரண்டு ஆட்டைப் பிடித்தபடி முதுகுளத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மருதுபாண்டி என்று தானே பெயர் சொன்னார். சஃபீர் பெஞ்சில் உட்கார்ந்தான். வெயில் இருந்தது, காற்று இருந்தது, ஆட்டு வாடை இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் ஏதோ குறைந்தது.

பாம்பனில் பத்து நாள் கடலில் கிடந்து கரையேறுகிற ஆட்களுக்குத் தரை ஆடுவது போல இருக்கும். அலைக்குப் பழகிய உடம்பு, அலை இல்லாததை ஆட்டமாக உணரும். அது போலத்தான். மூச்சுச் சத்தம் ஒன்று இல்லை. விசிறிக்கு அடியில் ஓடுகிற அந்தச் சத்தம் இங்கே இல்லாதது காதில் அடைத்துக்கொண்டு இரைந்தது. எதிரே யாரும் இல்லை. எதிரே யாருமே இல்லை. உலகத்தின் மேற்குப் பக்கம் பெயர்ந்து விழுந்துவிட்டது போல, அந்த வெறும் வெளியைப் பார்க்கவே அவனுக்கு நெஞ்சு அடைத்தது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஆடு மெரளுது," என்றார் மருதுபாண்டி. "அங்கனதான் அம்புட்டு எடம் கெடக்கே. யாரும் வாராகளா?"

சஃபீர் பக்கத்தில் பார்த்தான். பெஞ்சில் ஒரு ஆள் உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

பஸ் வந்தது. ஆடுகள் ஏறின. பெரியவர் ஏறினார். கண்டக்டர் அவனைப் பார்த்து விசில் ஊதினார். படியில் ஒரு கால் வைத்தான். மூச்சு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. அந்த இன்னொரு மூச்சு இல்லாமல் தன் மூச்சை எப்படி இழுப்பது என்று உடம்புக்கு மறந்துவிட்டது.

வீட்டு வாசலுக்குள் கால் வைத்ததும்தான் நெஞ்சு விரிந்தது. வாடை எதுவும் இல்லை. நோட்டைத் திறந்து, நேரத்தைப் போட்டு, பூஜ்யம் நிமிடம் என்று எழுதினான். எழுதிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எதற்கான கணக்கு என்று விளங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, சஹனை எடுக்கும் முன்பே, அங்கேயே உட்கார்ந்து படியெடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் இரண்டு மணித் தபாலில் போட்டாக வேண்டும். அந்த அவசரம் மட்டும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. சுஹாவின் விஷயம். விட்டுவிடக் கூடாது. நோட்டை இடப்பக்கம் விரித்து, இன்லேண்டை வலப்பக்கம் வைத்து, தமிழய்யா சொல்லித்தந்தபடி மூலையில் ஊரும் தேதியும் போட்டு, வரி வரியாகப் பார்த்து எழுதினான்.

அன்புள்ள லாமியாவுக்கு, இங்கே நாங்கள் நால்வரும் நலம். உன் நலமும் சுஹாவின் நலமும் அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புறப்பட்டு வா. சுஹாவைக் கட்டாயம் கூட்டி வா. நான் முன்பு வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதைக் கேட்காதே. சாப்பாட்டுக்கு யார் யார் எங்கே என்று எழுதிவிடுகிறேன், பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. வடக்கே காக்கா. தெற்கே மதினியும் அவள் பக்கத்தில் நீயும். கிழக்கே நான். மேற்கே, கடிகாரச் சுவர்ப் பக்கம், வழக்கம்போல. சுஹாவுக்குத் தனியாக இடம் வேண்டாம். மேற்கே மடியில் உட்கார்ந்துகொள்வாள்.

எழுதி முடித்து, இடது ஆள்காட்டி விரலை நோட்டிலும் வலது ஆள்காட்டி விரலை இன்லேண்டிலும் வைத்து, வரிக்கு வரி ஒத்துப் பார்த்தான். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நோட்டில் அழுத்தி எழுதிய இடம் விரலுக்குத் தடித்துத் தெரிந்தது. அதையும் ஒத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது அவனுக்கு.

இன்லேண்டை மூன்றாக மடித்தான். உப்புக் காற்றில் ஓரத்துப் பசை செத்துப்போயிருந்தது. நாக்கால் தடவியும் பிடிக்கவில்லை.

"சோத்தை வச்சு ஒட்டுங்க கொழுந்தனாரே," என்றாள் காலிதா, தம்ளர்களை அடுக்கிக்கொண்டே.

அவன் பக்கத்தில் பருக்கை மிச்சமில்லை. சஹனின் மேற்கு ஓரத்திலிருந்து நாலைந்து பருக்கைகள் கொத்தாக நகர்ந்து, நடுத்தட்டைத் தாண்டி, அவன் விரலருகே வந்து நின்றன. எடுத்து நசுக்கித் தடவி மடிப்பை ஒட்டினான். இன்லேண்டு விறைப்பாக எழும்பி எழும்பித் திறந்தது. ஒரு ஓரத்தை அவன் அழுத்தினான். மறு ஓரமும் அழுந்தியது. பிடிக்கும்வரை இருவரும் அப்படியே வைத்திருந்தார்கள்.

தபால் பெட்டி பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் இருந்தது. வெயில் பாத்தியிலிருந்து எழும்பிக் கண்ணைக் குத்தியது. போகிற வழியிலேயே மடிப்பின் ஈரம் காய்ந்து, ஒட்டிய ஓரத்தில் ஆறு விரல் ரேகைகள் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து நின்றன. ஒவ்வொன்றும் அவன் பெருவிரலைப் போல இரண்டு மடங்கு.

பெட்டிக்கு முன்னால் நின்று, வழக்கப்படி கடைசியாக ஒருமுறை இருபுறமும் திருப்பிப் பார்த்தான். பெறுநர் முகவரி. பின்கோடு. அனுப்புநர். ஒட்டிய ஓரம்.

எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே போட்டான்.